ஆனி இரவில் வானம் பார்க்க: நெடும்பகல் நாளையொட்டி ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் 21-ஐ ஒட்டி விண்மீன் பார்ப்பது பற்றி இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பதெல்லாம் ஒரே புலம்பல்தான்: பகல் நீண்டுவிட்டது, இரவு குறுகிவிட்டது, இருட்டவே மாட்டேன் என்கிறது. லண்டனில் இருப்பவர் அப்படிச் சொன்னால் சரி. அந்த நாளில் அங்கே நள்ளிரவில்கூடச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 15 பாகைதான் இறங்குகிறது. வானம் முழுதாக இருட்ட 18 பாகை இறங்க வேண்டும். எனவே அவர்களுக்கு அன்று அசல் இருட்டே கிடையாது.

நம் கதை வேறு. ஆண்டின் மிக நீண்ட பகலான அந்த நாளிலும் சென்னையில் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. இரவு 8 மணிக்கெல்லாம் முழு இருட்டு. அதிகாலை 4.20 வரை அது கலைவதில்லை. எட்டு மணி நேரத்துக்கும் மேல் கருத்த வானம், குளிரில் நடுங்க வேண்டியதில்லை, ஆண்டிலேயே அழகான தென்வானம் எழுந்து நிற்கிற காலம். ஆனி மாத இரவு நமக்குக் கிடைத்த கொடை என்றே நான் நினைக்கிறேன். மேகம் ஒன்றுதான் எதிரி. அதற்கும் வழி இருக்கிறது.

பகலிலேயே தொடங்குங்கள்: ஒரு குச்சி போதும்

வானம் பார்ப்பவர்கள் பலரும் பகலை விட்டுவிடுகிறார்கள். ஜூன் 21 அன்று அப்படி விடாதீர்கள். மொட்டை மாடியில் சரியாக 1 மீட்டர் உயரமுள்ள நேரான குச்சி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். வாளியில் மணல் நிரப்பி ஊன்றினால் அசையாது. ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். அன்று சென்னையில் ஏறத்தாழ 12.11, மதுரையில் 12.19, கோவையில் 12.24. அந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். தெற்கே விழும்! நம் தலைக்கு மேலே வரவேண்டிய சூரியன் ஏப்ரலிலேயே நம்மைத் தாண்டி வடக்கே போய்விட்டது. ஜூன் 21 அன்று அது கடக ரேகைக்கு மேலே நிற்கிறது. சென்னையில் 1 மீட்டர் குச்சியின் நிழல் அன்று சுமார் 18 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 27 சென்டிமீட்டர். தெற்கே போகப் போக நிழல் நீளும். இந்த ஒரு அளவை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு பூமி உருண்டை என்பதை விளக்கிவிடலாம். சென்னையில் ஒருவர், நாகர்கோவிலில் ஒருவர் என்று இருவர் அளந்து ஒப்பிட்டால் போதும்.

வடக்குப் பார்த்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது குச்சி இல்லாமலே தெரியும். மே கடைசியிலிருந்து ஜூலை வரை வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து தரையில் விழும். மார்கழி, தை மாதங்களில் எட்டிக்கூடப் பார்க்காது.

குச்சியைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு வேலை. காலை 10 மணி வாக்கில் நிழலின் நுனியைக் குறித்து, குச்சியின் அடியை மையமாக வைத்து, அந்த நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் மறுபடி அதே வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடுதான் கிழக்கு மேற்கு. மனை கோலும்போது சங்கு என்ற முளைக்குச்சியை நாட்டித் திசை பார்த்த பழைய முறை இது. இரவில் இதே மாடியில் நின்றால் தெற்கு எது என்ற சந்தேகமே வராது.

பலர் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தட்சிணாயனம் ஆடி 1-இல்தானே தொடங்குகிறது, ஜூன் 21 என்கிறீர்களே? வானத்தில் சூரியன் தெற்கு நோக்கித் திரும்புவது ஜூன் 21-ஐ ஒட்டித்தான். பஞ்சாங்கம் விண்மீன்களை அடையாளமாக வைத்து மாதத்தைக் கணிக்கிறது. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால், சூரியன் திரும்பும் புள்ளி விண்மீன்களுக்கு நடுவே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் நகர்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த நகர்வுதான் இன்று மூன்றரை வார இடைவெளியாக நிற்கிறது.

நாளும் இடமும் தேர்ந்தெடுப்பது

நாள்காட்டியில் முதலில் அமாவாசையைப் பாருங்கள். அதற்கு நான்கு நாள் முன்னும் பின்னும் உள்ள இரவுகள் முதல் தரம். வளர்பிறை அட்டமி என்றால் நிலா நள்ளிரவு வாக்கில் மறையும், அதன் பிறகு பாருங்கள். தேய்பிறை அட்டமி என்றால் நிலா எழுவதற்குள், அதாவது நள்ளிரவுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று பால்வெளி தெரியாது. அன்று நிலாவையே பாருங்கள். ஆனிப் பௌர்ணமி நிலா கேட்டை, மூலம் பக்கமாகத் தென்வானத்தில் தாழ்ந்து போகும் அழகே தனி.

அடுத்து மேகம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலைகளைப் பிடித்துக்கொள்ளும். ஊட்டி, வால்பாறை, தென்காசி, குற்றாலம், நாகர்கோவில் பக்கம் இந்த மாதத்தில் வானம் பார்க்கப் போவது வீண். மலை உயரமானது, காற்று தெளிவானது என்று நம்பி ஜூனில் நீலகிரிக்கு ஓடாதீர்கள். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. ராமநாதபுரம், தூத்துக்குடியின் கிழக்கு, விருதுநகர், சிவகங்கை எல்லாம் ஜூனில் வறண்டே கிடக்கும். மேற்கிலிருந்து மேகத் திட்டுகள் ஓடிவரும், நின்று பார்த்தால் நகர்ந்தும் போய்விடும். சென்னை, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மாலையில் இடி மழை வரலாம். வந்தால் மனம் தளராதீர்கள். மழை தூசியைக் கழுவிவிட்டுப் போனபின் இரவு 11 மணிக்குத் திறக்கும் வானம் மார்ச் மாதத்தில்கூடக் கிடைக்காது.

என்னைக் கேட்டால் சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துக் கடற்கரைதான் முதல் தேர்வு. காரணம் திசை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடல் கிழக்கே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் கடல் தெற்கே இருக்கிறது. நாம் பார்க்கப் போகும் பாதிப் பொருள்கள் தெற்கு அடிவானத்தை ஒட்டியவை. அங்கே மரம், கட்டடம், ஊர் வெளிச்சம் எதுவும் குறுக்கே நிற்காமல் கடல் மட்டும் இருப்பது பெரிய வரம். தனுஷ்கோடியை நினைக்க வேண்டாம், மாலைக்குப் பிறகு அங்கே இருக்க விடுவதில்லை.

கடற்கரை எட்டாதவர்கள் ஊரைவிட்டு 30, 40 கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குத் தெற்கே ஒரு கண்மாய்க் கரையையோ வயல் வெளியையோ பிடியுங்கள். ஊருக்குத் தெற்கே என்பதை மறக்காதீர்கள். அப்போதுதான் ஊர் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகும். தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போங்கள், கிராமத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கடலோரத்தில் ரோந்து வருபவர்கள் விசாரிப்பார்கள். வானம் பார்க்க வந்தோம் என்று சொல்லி பைனாகுலரை அவர்களிடமே கொடுங்கள், அரை மணி நேரம் கூடவே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

பாய், தலையணை, தண்ணீர், கொசுவத்தி, மூடிய செருப்பு அல்லது ஷூ. பாம்பு நடமாட்டம் உள்ள இடத்தில் பாயை வரப்பில் விரிக்காதீர்கள், வெட்டவெளித் தரையில் விரியுங்கள். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. செல்போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலி போட்டிருந்தால் அதில் இரவு நிறத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

தொலைநோக்கி வேண்டாம். முதல் சில ஆண்டுகளுக்கு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். ஆனி வானத்தின் சிறப்பே அகன்று பரந்திருப்பதுதான், தொலைநோக்கி அதில் ஒரு ஊசித்துளையைத்தான் காட்டும்.

அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. இனிமேல் முஷ்டிக் கணக்கிலேயே பேசுகிறேன்.

இரவு 8 மணி: மறையப் போவதை முதலில் பாருங்கள்

நான் கற்ற மிக முக்கியமான பாடம் இது. முதல்முறை நண்பர்களோடு அந்த வாலிநோக்கம் பக்கத்துக் கரைக்குப் போனபோது சாப்பாடு, அரட்டை எல்லாம் முடித்து நிதானமாக 11 மணிக்கு மேல்தான் பாயை விரித்தோம். தெற்கே கடலையே பார்த்தபடி தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டத்தைத் தேடினேன், தேடினேன், அகப்படவே இல்லை. வலைக்குப் போகக் காத்திருந்த ஒரு பெரியவர், "தம்பி, அது அப்பவே இறங்கிருச்சுப்பா, பொழுதுசாய வரணும்" என்றார். வடக்கு நாட்டாருக்கு எழுதிய குறிப்பை நம்பி நள்ளிரவுக்குக் காத்திருந்தேன். தென்சிலுவை ஆனி மாதத்தில் அந்திப் பொழுதின் விண்மீன் கூட்டம்.

எனவே 8 மணிக்கெல்லாம் தெற்கைப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு முஷ்டி உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். இடது பக்கம் சற்று மஞ்சளாக இருப்பது ஆல்பா சென்டாரி. வலது பக்கம் நீலம் கலந்த வெண்மையில் இருப்பது பீட்டா சென்டாரி. இடதிலிருந்து வலதுக்கு ஒரு கோடு இழுத்து அப்படியே மேலே கொண்டுபோனால் தென்சிலுவை. திரிசங்கு என்று நம்மவர்கள் சொல்வதும் இதையே. நான்கு விண்மீன்கள், முஷ்டிக்குள் அடங்கிவிடும் சின்னக் கூட்டம், வலப்புறம் சாய்ந்து நிற்கும். சென்னையிலிருந்து பார்த்தால் இன்னும் நாலு பாகை தாழ்ந்திருக்கும், தெரியத்தான் செய்யும். 10.30-க்கு மேல் அடிவான மங்கலில் கரைந்துவிடும்.

ஆல்பா சென்டாரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம், 4.3 ஒளியாண்டுத் தொலைவு. இது வெறும் கண்ணுக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. அதை முதலில் கண்டவர் 1689-இல் புதுச்சேரியில் தங்கியிருந்த ழான் ரிஷோ என்ற பாதிரியார். அந்த டிசம்பரில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைநோக்கியில் இது இரட்டையாகப் பிரிந்து தெரிந்தது. வால்மீனுக்காகத் திருப்பிய தொலைநோக்கியில் வேறொன்று சிக்கியது. நம் கரையிலிருந்து கண்டெடுத்த விண்மீன் என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இப்போது தலையை நிமிர்த்துங்கள். 8.30 மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளி, ஆரஞ்சு நிறத்தில் ஒன்று எரியும். அதுதான் சுவாதி. 37 ஒளியாண்டுத் தொலைவு. முப்பத்தேழு வயதுக்காரர் யாராவது கூட வந்திருந்தால், அவர் பிறந்த காலத்தில் கிளம்பிய ஒளி இன்று அவர் கண்ணில் விழுகிறது. சுவாதிக்குத் தெற்கே வெண்மையாக, தனியாக நிற்பது சித்திரை.

சித்திரையிலிருந்து நேர் கீழே, கடலை நோக்கி மூன்றரை முஷ்டி இறங்குங்கள். ஒரு மங்கலான, கூர்மையில்லாத விண்மீன் தென்படும். பைனாகுலரை வையுங்கள். விண்மீன் இல்லை, பஞ்சு உருண்டை! ஒமேகா சென்டாரி. ஏறத்தாழ ஒரு கோடி சூரியன்கள் ஒரு பந்தாகத் திரண்டிருக்கும் கொத்து, 17,000 ஒளியாண்டுத் தொலைவில். பண்டைய வானியலாளர் தாலமி இதை விண்மீன் என்றே பட்டியலில் சேர்த்திருந்தார். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் இது விண்மீன் அல்ல என்று குறித்தார். லண்டனில் இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்குக் கடலுக்கு மேலே மூன்று முஷ்டி உயரத்தில் தொங்குகிறது. ஒரே ஒரு பொருளுக்காகத்தான் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு போக முடியும் என்றால் நான் இதற்காகத்தான் போவேன்.

9 மணி: வடக்கே ஒரு சுற்று

திரும்பி வடக்கைப் பாருங்கள். ஏழு முனிவர் கூட்டமான சப்தரிஷி வடமேற்கே கவிழ்ந்து கிடக்கும். அதன் வாலில் நடு விண்மீன் வசிஷ்டர், ஒட்டினாற்போல மங்கலாக அருந்ததி. எங்கள் அப்பத்தா மாடியில் வடகம் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து, "ரெண்டும் தெரியுதா, ஒண்ணா? ஒண்ணுன்னா நாளைக்கே கண் டாக்டர்கிட்டப் போ" என்பார். இன்றும் குழுவோடு போனால் இந்தச் சோதனையைத்தான் முதலில் வைக்கிறேன். பழந்தமிழில் அருந்ததிக்கு வடமீன் என்று பேர்.

சப்தரிஷியின் வால் வளைந்திருக்கும் போக்கிலேயே கோட்டை நீட்டினால் சுவாதியில் வந்து முட்டும், இன்னும் நீட்டினால் சித்திரை. இந்த ஒரு வளைவு போதும், இனி வாழ்நாளுக்கும் வழி தவறாது. துருவ விண்மீன் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். அது எத்தனை பாகை உயரமோ, அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை.

10 மணி முதல் நள்ளிரவு வரை: தேள்

சுவாதியில் தொடங்கித் தென்கிழக்கே இறங்குங்கள். விசாகம், அனுஷம், கேட்டை, மூலம், பூராடம், உத்திராடம். சின்ன வயதில் வாய்ப்பாடு போல ஒப்பித்த நட்சத்திரப் பட்டியல் அதே வரிசையில் வானத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும். ஜாதகக் கட்டத்துக்குள் அடைத்துவைத்த பெயர்கள் உண்மையான விளக்குகளாக எரிவதை ஒருமுறை பார்த்தவர் அப்புறம் மறக்க மாட்டார்.

தேளை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. வானத்தில் பேருக்கேற்ற உருவம் உள்ள கூட்டங்கள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று. மேலே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் அனுஷம், தேளின் தலை. நடுவில் கனன்ற கரித்துண்டு போலச் சிவந்திருப்பது கேட்டை. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும், அவ்வளவு பெரியது. அங்கிருந்து உடல் வளைந்து இறங்கி, மறுபடி சுருண்டு மேலேறும் வாலின் நுனியில் அடுத்தடுத்து இரண்டு விண்மீன்கள், அதுதான் கொடுக்கு, மூலம். இரவு 10.45 வாக்கில் கேட்டை நேர் தெற்கே வந்துவிடும்.

கொடுக்குக்கு இடப்பக்கம் வெறும் கண்ணுக்கே ஒரு புகைத்திட்டு தெரியும். பைனாகுலரில் அது உதிரி விண்மீன்களாக உடையும். வானியலாளர் பட்டியலில் எம்7 என்று எண்ணிட்ட விண்மீன் கொத்து. அதற்குச் சற்று மேலே சின்னதாக எம்6.

நள்ளிரவு: பால்வெளியின் நடுவம்

12 மணிக்கு மல்லாந்து படுத்துவிடுங்கள். தேளுக்கு இடப்பக்கம் தனுசு, டீக்கெண்டி வடிவத்தில் இருக்கும். அதன் மூக்கிலிருந்து ஆவி கிளம்புவது போல வெளிர் புகை எழும்பி வானத்தின் குறுக்கே ஓடும். மேகம் என்று ஏமாறாதீர்கள். மேகம் நகரும், இது நகராது. நம் பால்வெளியின் நடுவம் அந்த மூக்கின் பக்கம்தான், சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில். ஜூன் 21-ஐ ஒட்டி அது நள்ளிரவில் நேர் தெற்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. சூரியன் அப்போது பால்வெளி நடுவத்துக்கு ஏறக்குறைய எதிர்ப்புறம் இருக்கிறது. அது மறையும்போது இது எழும், இரவு முழுவதும் நம்மோடு இருக்கும்.

இங்கே எதையும் தேட வேண்டாம். பைனாகுலரைக் கெண்டியின் மூக்கில் வைத்து மெதுவாக மேலே, வடகிழக்காக நகர்த்திக்கொண்டே போங்கள். முதலில் எதிர்ப்படும் ஒளித்திட்டு லகூன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம், எம்8. அதன்பின் கொத்துகள், இடையே கருப்பு ஓடைகள். அந்தக் கருப்பு வெற்றிடம் அல்ல, விண்மீன்களை மறைக்கும் தூசி. அப்படியே போனால் திருவோணம் வரும். அதற்கு வடக்கே அபிஜித் என்ற விண்மீன் பளீரென்று இருக்கும், கீழே டெனெப் என்ற இன்னொரு விண்மீன். மூன்றும் ஒரு பெரிய முக்கோணம். பால்வெளி அதன் ஊடே போகிறது.

படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் இந்த நேரத்தில் எடுங்கள். போனை முக்காலியில் வைத்து, இரவு முறையில், 10 விநாடிக்குக் குறையாமல், டைமர் போட்டு. ஐந்து படம் போதும். பிறகு போனை மூடிவிட்டு மறுபடி படுங்கள்.

விடியல்: வேலை இன்னும் முடியவில்லை

3.30 தாண்டியதும் கிழக்கே, கொஞ்சம் வடக்கே ஒதுங்கி, கார்த்திகை எட்டிப் பார்க்கும். ஆறாம் மீன் என்று கடலோரத்தில் சொல்லும் அதே கொத்து. 4.30-க்கு வானம் வெளுக்கத் தொடங்கும். தூங்கிவிடாதீர்கள். சூரியன் எங்கே எழுகிறது என்பதைக் குறிக்க வேண்டும். ஆண்டிலேயே வடகோடியில் அது உதிக்கும் நாள் இது, நேர் கிழக்கிலிருந்து கிட்டத்தட்ட இரண்டரை முஷ்டி வடக்கே. சூரியனையே உற்றுப் பார்க்க வேண்டாம். விளிம்பு தோன்றும் இடத்துக்கு நேரே எந்த மரம், எந்தக் கோபுரம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

வெளியூர் போனவர்கள் வீடு திரும்பியதும் மறுநாள் மாடியிலிருந்து குறிக்கலாம், தவறில்லை. இந்த நாட்களில் சூரியன் ஒரே இடத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். ஜூன் 11-லிருந்து ஜூலை 1 வரைக்கும் உதிக்கும் இடம் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட நகராது. என் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கரியால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். வடக்கே இருப்பது ஆனி, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக. ஐந்து முஷ்டி தெற்கே இருப்பது மார்கழி, பிள்ளையார் கோயில் அரசமரத்துக்கு நேராக. மழையில் அழிந்தால் அடுத்த ஜூனில் மறுபடி போடுவேன்.